குத்துச்சண்டையும் வீட்டுச் சொல்லும்



குத்துச்சண்டைப் படங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால், தெலுங்கு நாட்டில் வாழும் நமக்கு 2003 ஆம் ஆண்டில் பூரி ஜகந்நாத் இயக்கிய 'அம்மா நான்ன ஓ தமிழ அம்மாயி' நினைவுக்கு வராமற் போகாது. அதில் நாயகன் விரும்பும் பெண் தமிழச்சி. அக்கதையே மறு ஆண்டு 'எம். குமரன் சன் ஆஃப் மகாலட்சுமி' என்று தமிழுக்கு வந்தபோது அப்பெண் மலையாளியாகிவிட்டாள். இரண்டிலும் நடித்தவர் அசினே. கதை எந்த ஊருக்குச் சென்றாலும், அயல்மொழி பேசும் பெண் ஒருத்தி அதற்கு வேண்டியிருக்கிறாள் போலும்!

அவை இரண்டும் காலும் கையும் கலந்த சண்டையைக் காட்டுவன. கைத்திறன் ஒன்றையே நம்பும் குத்துச்சண்டையை முழுமையாகக் காட்டிய தமிழ்ப்படம், பா. இரஞ்சித் இயக்கி 2021 சூலையில் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை'. கொள்ளைநோய்க் காலமாகையால் அது கொட்டகைக்குச் செல்லாமல் இணையவழியே நேராக இல்லங்களுக்கு வந்தது. தமிழிலும் வந்தது, தெலுங்கிலும் வந்தது. எம்மொழியில் காண்பது என்னும் கேள்வி சித்தூரிலும் திருப்பதியிலும் உள்ள நம்மனோர் வீடுகளுக்கே உரியது. நமக்குப் பிடித்த காட்சிகளைச் சொன்னால் அதற்கு விடையும் கிடைக்கும்.

வடசென்னையில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்பச் செட்டியார் என்னும் பரம்பரைகள் உண்மையிலேயே இருந்தன. படத்தின் கதை 1970-களில் நடக்கிறது. துறைமுகக் கூலியாளாகிய கபிலனாக ஆர்யாவும், ஆசான் ரங்கனாகப் பசுபதியும் நடித்துள்ளனர்.

முதற்காட்சியாக நாம் கொள்வது, 'டான்சிங் ரோஸ்' என்பவனோடு கபிலன் பொரும் போர். சபீர் கல்லரக்கல் அவ்வேடத்தில் அடியெடுத்து வைப்பதே நடனம் போல் இருக்கும். கை எங்கிருந்து வரும் என்று கபிலனுக்கு முதலில் விளங்கவில்லை. மெல்ல மெல்ல அத்தாளத்தைக் கற்று, அதன் இடைவெளியிலே தாக்கி வெல்கிறான். இதிற் பெருமை வென்றவனுக்கு மட்டும் உரியதன்று. தோற்ற பின்பு எதிரியின் திறமையை மறைக்காத ரோசையும் நம் பிள்ளைகள் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, வேம்புலியோடு நடக்கும் முதற் போட்டி. 1976 சனவரி 31 ஆம் நாள் தமிழ்நாட்டு ஆட்சி கலைக்கப்பட்டது. அந்நாளைய நெருக்கடி, குத்துச்சண்டை மேடை வரைக்கும் வந்து ரங்கனைக் கைது செய்துகொண்டு போகிறது. ஆசானை இழந்த கபிலன் அவமானத்துக்கு ஆளாகிறான், சிறை செல்கிறான், பின்னர்ச் சாராயத்தில் வீழ்கிறான். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவன் இவ்வாறு சரிவதை இயக்குநர் விரைந்து கடக்கவில்லை. நின்று காட்டுகிறார். ஊர்விட்டு ஊர் வந்து, ஓர் இடரால் உழைப்பெல்லாம் கைநழுவக் கண்ட குடும்பங்களுக்கு அக்காட்சிகளின் கனம் தெரியும்.

மூன்றாவது, நாம் மிகவும் விரும்புவது, தாய் பாக்கியத்தின் காட்சி. கணவனைப் பறிகொடுத்த அவள், மகன் குத்துச்சண்டைப் பக்கமே போகலாகாது என்று அடித்துத் தடுத்தவள். அவளே ஒருநாள், "போய்ச் சண்டையிடு" என்னும் கருத்துப்பட அவனைத் தூண்டுகிறாள். மனைவி மாரியம்மாவோ, ஏசியும் அழுதும் அவனைக் கைவிடாமல் நிற்கிறாள். அதன் பின்னரே கடற்கரையில் பீடி ராயப்பனிடம் பயிற்சி தொடங்குகிறது. இப்படத்தில் இடம்பெற்ற 'நீயே ஒளி' என்னும் பாடலைச் சந்தோஷ் நாராயணனோடு பாடிய ஷான் வின்சென்ட் டி பால், நவ்ஸ்-47 ஆகியோர் கனடாவில் வாழும் தமிழர். புலம்பெயர்ந்தோர் குரல் வடசென்னைக் கதைக்கு வலுவூட்டியது நமக்கு உவகை தருகிறது.

இம்மூன்று காட்சிகளையும் சேர்த்துப் பாருங்கள். மேடையில் விழும் ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் ஒரு சொல் இருக்கிறது. ஆசான் சொன்ன சொல், தாய் சொன்ன சொல், மனைவி சொன்ன சொல். வீழ்ந்தவனை எழுப்பியவை அவையே. அச்சொற்கள் வடசென்னைப் பேச்சின் மணத்தோடு பிறந்தவை. மொழி மாற்றினால் கதை வரும்; அந்த மணம் வருவது அரிது.

நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு படிக்கிறார்கள். தெருவில் தெலுங்கு பேசுகிறார்கள். அது வேண்டியதே, உண்ணும் சோற்றுக்கு நாம் செய்யும் நன்றியும் அதுவே. ஆயினும், மனம் உடைந்து வீடு திரும்பும் நாளில் அவர்களுக்குத் தாயும் தந்தையும் சொல்லும் ஆறுதல் விளங்க வேண்டுமன்றோ?

ஆகவே இப்படத்தைத் தமிழிலேயே காணுங்கள். குடியும் வன்முறையும் இடம்பெறுவதால் பெரியவர்கள் உடன் இருப்பது நலம். "வாத்தியார் என்றால் என்ன? பரம்பரை என்றால் என்ன?" என்று பிள்ளைகள் இடையிடையே கேட்பார்கள். படத்தைச் சற்றே நிறுத்திவிட்டு விடை கூறுங்கள். படம் காத்திருக்கும்.