குஞ்சுப் பெட்டியில் எதைப் பரப்புவது?

கோழிக்குஞ்சு வந்து சேர்ந்த வீட்டிலே முதலில் எழும் கேள்விகள் யாவை? தீன் எது, தண்ணீர் எந்தப் பாத்திரத்தில், பூனைக்கும் கீரிக்கும் எட்டாமல் வைப்பது எங்ஙனம் என்பனவே. பெட்டியின் அடியில் எதைப் பரப்புவது என்பதைப் பற்றி எவரும் அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. கையில் அகப்பட்டதை அள்ளிக் கொட்டிவிடுகிறோம். ஆனால் குஞ்சின் முதற்சில வாரங்கள் முழுவதும் அந்தத் தரையின் மீதே கழிகின்றன. அதுவே அதற்குப் படுக்கை, அதுவே கழிப்பிடம், கண்ணிற் பட்டதையெல்லாம் கொத்திப் பார்க்கும் இயல்பினால் பாதி உணவுத் தட்டும் அதுவே. முட்டை விற்ற காசில் பிள்ளையின் கொப்பிக்கும் பென்சிலுக்கும் வழி தேடும் தாய்மார் நம்மிடையே பலர் உளர். இருபது குஞ்சில் பன்னிரண்டு மடிந்துபோனால் அவர்களுக்கு அது சிறு நட்டமன்று.

சாகாமக் குளத்தின் நீர் பாயும் வயல்களை அடுத்து வாழ்வோர்க்கு உமிக்கும் வைக்கோலுக்கும் பஞ்சமில்லை. கிழக்கே போனால் கடலும் கடல்மணலும். அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை போன்ற ஊர்களிலே மரத்தூளும் எளிதிற் கிடைக்கும். எல்லாம் மலிவானவை, சில இலவசமானவை. ஆயினும் எல்லாம் ஒன்றல்ல.

கடல்மணலை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதில் உப்பு இருக்கிறது. இளங்குஞ்சின் சிறுநீரகம் மிகுதியான உப்பைத் தாங்கும் வலிமை பெற்றதன்று. உப்பு உட்சென்றால் குஞ்சு ஓயாமல் நீரருந்தும், எச்சம் நீராகக் கழியும், தரை நனையும். மேலும் உப்புள்ள மணல் காற்றின் ஈரத்தைத் தானும் இழுத்துக்கொள்ளும். ஆற்று மணலைப் பலமுறை கழுவி வெயிலிற் காயவைத்தால் அது கெடுதலில்லை. ஆனால் இரவிற் குளிர்ந்துவிடும். குஞ்சின் வயிற்றுச் சூட்டை உறிஞ்சிவிடும். ஓரளவு வளர்ந்த கோழிக்கே அது பொருத்தம்.

மணலை விழுங்கினால் என்ன ஆகும் என்று மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியிலே ‘பியர்டட் டிராகன்’ என்னும் ஒருவகை ஓணான் உண்டு. சினங்கொண்டால் தொண்டைத் தோலை உப்பிக் கறுப்பாக்கிக்கொள்ளும். அது தாடிபோலத் தோன்றுவதால் அப்பெயர். அந்நாடு தன் காட்டுயிர்களை வணிகத்துக்காக உயிருடன் ஏற்றுமதி செய்ய இடங்கொடுப்பதில்லை. ஆயினும் பிற நாடுகளிலே கூண்டிற் பிறந்து பெருகியவற்றை மேனாட்டார் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கின்றனர். பாலைநிலத்து உயிராயிற்றே என்று மணலைப் பரப்பினால், பூச்சியைப் பாய்ந்து பிடிக்கையிலே மணலும் வாய்க்குட் போகும். சூடோ நீரோ குறைந்து செரிமானம் மந்தமான குட்டியின் குடலை அது அடைத்துவிடும். ஆதலால் இளங்குட்டிகளுக்குக் காகிதத்தையோ ஓட்டையோ விரிக்குமாறு மிருக வைத்தியர்கள் கூறுகின்றனர். கோழிக்கோ, தின்றதை அரைக்கும் தசைப்பை ஒன்று உண்டு. பற்களில்லாத பறவைக்கு அங்கே தங்கும் சிறு கற்களே பற்களாகின்றன. ஓணானுக்கு ஊறான பரு மணல் கோழிக்கு உதவியாவது இவ்வாறே. எனினும் நார்ப்பொருளும் தூளும் வயிறு நிரம்பினால் கோழிக்குஞ்சுக்கும் ஆகாது.

அதனாலேயே மரத்தூள் விடயத்தில் எச்சரிக்கை வேண்டும். மாவுபோன்ற தூளைத் தீன் என்றெண்ணிக் குஞ்சுகள் தின்றுவிடும். தீன்பை நிரம்பும், உடலுக்கு ஒன்றும் சேராது. கறையானைத் தடுக்க மருந்தூட்டிய பலகையின் தூளாயின் நஞ்சுமாகும். நனைந்து கிடந்த தூளிலோ ‘அஸ்பெர்ஜில்லஸ்’ என்னும் பூஞ்சணம் பிடிக்கும். (1729ஆம் ஆண்டிலே இதற்குப் பெயரிட்டவர் இத்தாலியப் பாதிரியாரும் தாவரவியலாளருமான மிக்கேலி, உருப்பெருக்கியில் அது தேவாலயத்தில் தீர்த்தம் தெளிக்கும் கருவிபோலத் தெரிந்ததாம்.) அதன் வித்துக்களை மூச்சோடு இழுத்த குஞ்சு வாயைத் திறந்துகொண்டு இரைக்கும். அப்பால் மருந்தினால் ஆவது அரிது. வைக்கோலும் நனைந்தால் இதே கதிதான். அன்றியும் பாய்போலப் படிந்துவிடும்.

எஞ்சுவது உமி. என் தேர்வும் அதுவே. சிலிக்கா மிகுந்த அந்த மேலுறை எளிதில் மக்காது, கட்டிபடாது, காலுக்கு வழுக்காது. நீரை அதிகம் உறிஞ்சாதது அதன் குறை. ஆகையால் இரண்டு அங்குல உயரத்துக்கேனும் பரப்பவேண்டும். ஆலைக்கு வெளியே மழையில் ஊறிய குவியலிலிருந்து அள்ளவேண்டா. அன்று குத்திய உமியைக் கேட்டு வாங்குக. தவிடு கலந்திருந்தால் புடைத்து நீக்குக. தவிடு விரைவிற் பூசணம் பிடிக்கும். சூட்டுக்கு மண்ணெண்ணெய் விளக்கை உமிமேல் வைப்பதைப்போல ஆபத்து வேறில்லை. மின்குமிழைக் கம்பியாற் கட்டி உயரத்திலே தொங்கவிடுக. இக்காலத்து எல்.இ.டி. குமிழ் ஒளி தருமேயன்றிப் போதிய சூடு தராது.

முதல் மூன்று நாள் உமியின்மீது ஏதேனும் விரித்தல் நன்று. தீன் எது, உமி எது என்பதைக் குஞ்சு கற்க அவகாசம் வேண்டுமன்றோ? பலரும் செய்தித்தாளை விரிப்பார்கள். அதன் வழவழப்பில் பிஞ்சுக் கால்கள் இருபுறமும் விலகிப்போகும். அப்படியே நிலைத்து முடமானவையும் உண்டு. நூல் பிரியாத பழைய சாக்குத்துண்டே மேல்.

எதைப் பரப்பினும் ஈரம் புகுந்தால் எல்லாம் வீண். வடகீழ்ப் பருவ மழை பெய்யும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலே நம் கரையோரத்துக் குஞ்சுகள் பலவாக மடிவதற்கு இதுவும் ஒரு பெருங் காரணம். இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ‘கொக்சிடியோசிஸ்’ நோயின் நுண்முட்டைகள் எச்சத்தோடு வெளிவந்தவுடனே தொற்றுவதில்லை. ஈரமும் சூடும் காற்றும் உள்ள தரையிலே ஒன்றிரண்டு நாள் கிடந்து முதிர்ந்த பின்னரே தொற்றும். தரை காய்ந்திருந்தால் அம்முதிர்ச்சி தடைப்படும். மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குஞ்சு இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நின்று, எச்சத்திலே இரத்தமும் தெரிந்தால், அன்றே கால்நடை வைத்தியரிடம் செல்க.

ஈரத்தை அறியக் கருவி வேண்டியதில்லை. ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பாருங்கள். கையைத் திறந்ததும் உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. மெல்ல உதிர்ந்தால் சரி. தூசாகப் பறந்தால் மிகக் காய்ந்துவிட்டது. பின்னர்க் குனிந்து, குஞ்சின் தலை உயரத்தில் முகர்ந்து பாருங்கள். நின்ற நிலையில் நமக்கு எட்டாத அமோனியா நெடி, அங்கே குஞ்சின் கண்ணை எரித்துக்கொண்டிருக்கும்.

நாள்தோறும் முழுவதையும் மாற்றவேண்டுமோ என்றால், வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஓஹையோ ஆய்வு நிலையத்தில் 1940களிலே கென்னார்ட் என்பவர், பழையதன்மேற் புதியதைப் பரப்பிக் கிளறிவிட்டு வளர்த்த கோழிகள் நலமாயிருந்ததை எடுத்துக்காட்டினார். நாமும் அங்ஙனமே செய்யலாம். பெரும்பாலும் நனைவது தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றிய இடமே. பாத்திரத்தை ஒரு செங்கல்லின்மேல் வைத்து, காலைதோறும் அவ்விடத்து ஈர உமியை ஒரு சிரட்டையால் அள்ளித் தென்னை மரத்தடியிற் கொட்டி, அதே அளவு காய்ந்த உமியை இட்டுவிட்டாற் போதும்.