ஒன்றே முக்கால் வயதுப் பிரயாணி

ரயில்வே இலாகாவின் கணக்கில், ஐந்து வயது நிரம்பாத குழந்தை தனிப் படுக்கை கேட்காத வரையில் பிரயாணியே அல்ல. அதற்குச் சீட்டும் கிடையாது, கட்டணமும் கிடையாது. இந்தக் கணக்கை வகுத்த மகானுபாவர் கைக்குழந்தையோடு ரயில் ஏறியவர் அல்ல என்பது மட்டும் நிச்சயம். 2025-ஆம் ஆண்டு மே மாதம் நாம் உதகமண்டலத்துக்குப் புறப்பட்டபோது வாசலில் ஒன்பது மூட்டைகள் சேர்ந்தன. அவற்றில் ஐந்து, சீட்டு வேண்டாத அந்தப் பிரயாணிக்கு உரியவை.

இந்தப் பக்கத்தில் 'நாம்' என்பது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை மட்டுமே குறிக்கும் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்த வாரம் அந்தச் சொல்லுக்குக் கொஞ்சம் கனம் கூடியிருக்கிறது. எழுபத்து நான்கு வயதான நம் தாயார், சகதர்மிணி, ஒன்பதாம் வகுப்பு முடித்த மகன், நாற்பதைத் தாண்டிய பிறகு பகவான் நமக்கு அளித்த ஒன்றே முக்கால் வயதுப் பெண் ஆகியோர் சென்னையிலிருந்து கிளம்பினோம். கோயம்புத்தூரிலிருந்து மைத்துனர் தம் மனைவி மக்களுடன் காரில் மலைக்கு வந்து சேர்வதாக ஏற்பாடு.

உதகைக்குப் போக வேண்டும் என்பது நம் சகதர்மிணியின் பத்து வருஷத்து ஆசை. நாம் கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு முறை போய் வந்து, அந்தக் குளிரையும் பூக்களையும் பற்றிக் கல்யாணமான புதிதில் அளவுக்கு மிஞ்சி வர்ணித்துவிட்டோம். அதன் பலனை அநுபவிக்க வேண்டியதுதானே? ஒரு வருஷம் வீடு மாற்றினோம். ஒரு வருஷம் தகப்பனார் படுக்கையில் இருந்தார். 2020-லும் அதற்கு அடுத்த வருஷமும் கொரோனா யாரையும் எங்கும் போகவிடவில்லை. பிறகு பாப்பா வந்தாள். "இந்தத் தடவையும் இல்லையென்றால் இனிமேல் கேட்கவே மாட்டேன்" என்று அவர் சொன்னபோது, குரலில் கோபம் இல்லாததுதான் நமக்குப் பயத்தை உண்டாக்கிற்று. டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்று, அறுபது நாட்களுக்கு முன்னதாகவே, காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டோம்.

பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஐந்து நாட்களுக்குப் பதினோரு இடங்கள் என்று கால அட்டவணை தயாரித்தோம். பள்ளிக்கூடத்தில் நாற்பது ஆசிரியர்களுக்கு அட்டவணை போடுகிறவருக்கு இது பெரிய காரியமா? சகதர்மிணி அதைப் பார்த்துவிட்டு, "பாப்பா தூங்குகிற பீரியட் எது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நாம் அப்போது வேடிக்கையாக எடுத்துக்கொண்டோம்.

மேட்டுப்பாளையம் போகும் இரவு ரயிலில் நம் தாயார் ஒரு பழைய நூல் புடவையை எடுத்தார். எதிரெதிரான இரண்டு மேல் படுக்கைகளின் இரும்புக் கம்பிகளில் அதை முடிந்து, தரைக்கு ஒரு முழ உயரத்தில் தூளி தொங்கும்படி செய்தார். முதலில் பெரிய மூட்டை ஒன்றை அதில் போட்டு ஆட்டிப் பார்த்து, முடிச்சு இறங்கவில்லை என்று தெரிந்த பிறகே குழந்தையை இட்டார். "இந்தப் புடவை எதற்கம்மா என்று கேட்டாயேடா, இப்போது சொல்லு" என்றார். சொல்வதற்கு ஒன்றும் இல்லை. அரக்கோணம் வருவதற்குள் பாப்பா உறங்கிவிட்டாள். நாமும் உறங்கினோம். நடு இரவில் விழித்துப் பார்த்தபோது சகதர்மிணி மட்டும் ஒரு கையால் தூளியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "கொஞ்சம் படுத்துக்கொள்ளேன்" என்றோம். "ஆகட்டும்" என்றார். விடிய விடிய அப்படியேதான் இருந்தார் என்பது காலையில் தெரிந்தது.

மலை ரயிலைப் பற்றி நமக்கு ஒரு பிரசங்கமே மனப்பாடம். குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் பாதை முடிந்தது. 46 கிலோமீட்டரில் 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த சட்டம் ஓடுகிறது. என்ஜினின் பல் சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது; பன்னிரண்டு அடி போனால் ஓர் அடி உயரும் செங்குத்தான இடமும் உண்டு. என்ஜின் முன்னே நின்று இழுக்காமல் பின்னே நின்று தள்ளுகிறது. 2005-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்துக்கொண்டது. இவ்வளவையும் நாம் சொல்லிக்கொண்டு வந்தபோது, பக்கத்தில் பள்ளத்தாக்கு, நீர்வீழ்ச்சி, மேகம் எல்லாம் ஒவ்வொன்றாகத் தரிசனம் கொடுத்துப் போயின. பாப்பா அவற்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. ஜன்னலின் தாழ்ப்பாளைத் தள்ளுவதும் இழுப்பதுமாக ஒரு மணி நேரம் அவளுக்குக் கழிந்தது. தாழ்ப்பாள் நம் வீட்டிலும் இருக்கிறதே என்று நமக்கு மனம் கசந்தது.

குகைகள் வந்தபோதுதான் அவள் தலையை நிமிர்த்தினாள். முதற் குகையில் இருள் கவிந்ததும் வண்டி முழுவதும் 'ஓ' என்று கூவிற்று. பாப்பா அலறித் தாயின் தோளில் புதைந்தாள். இரண்டாவதில் ஒரு கண்ணால் பார்த்தாள். நான்காவது குகைக்குள் வண்டி நுழைவதற்கு முன்பே கூவியது யார் என்று நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். என்ஜின் தண்ணீர் குடிக்க ஹில்குரோவ் நிலையத்தில் நின்றது. அங்கே ஒரு குரங்கு ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பாப்பாவின் பிஸ்கட்டைப் பறித்துக்கொண்டது. பாப்பா அழவில்லை. மிச்சம் இருந்த பாதியையும் நீட்டினாள். நாம் அவசரமாகக் கதவை அடைத்தோம்.

உதகை சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் நூறு டிகிரியில் கொதிப்பதில்லை. சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆகையால் சத்துமாவுக் கஞ்சி வேகக் கொஞ்சம் தாமதமாகும் என்று நாம் விடுதி அறையில் விஞ்ஞானம் பேசினோம். மின்சாரக் கெட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த சகதர்மிணி, "இதைக் கிளறிக்கொண்டே சொல்லுங்களேன்" என்று கரண்டியைக் கொடுத்தார். நாம் அறைக்குள் நுழைந்ததும் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தோம். அவரோ முழங்காலிட்டு, குழந்தையின் கண் மட்டத்தில் அறையைச் சுற்றி வந்தார். திறந்திருந்த மின்சாரத் துளைகளை நாற்காலியால் மறைத்தார். வெந்நீர்க் குழாயைக் கயிற்றால் கட்டினார். பால்கனிக் கம்பிகளுக்கு இடையே தம் தலை நுழைகிறதா என்று பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அதன் பிறகு துணி துவைக்கப் போனார்.

மறுநாள் அட்டவணைப்படி தொட்டபெட்டா. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரம், 2,637 மீட்டர். 2024 மே மாதம் முதல் நீதிமன்ற உத்தரவினால் மலைக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். மைத்துனர் அதை முறையாக வாங்கி வந்திருந்தார். ஆனால் சிகரத்துக்குப் போகும் வளைவுச் சாலையில் வண்டிகளின் வரிசைக்கு எந்தப் பாஸும் உதவாது. பாப்பா பதினொன்றரை மணிக்குத் தூங்குகிறவள். தூக்கம் கெட்டு, பசி வந்து, வளைவில் தலை சுற்றி, சகதர்மிணியின் புதுச் சால்வையில் வாந்தி எடுத்தாள். "திரும்பிவிடலாமே" என்றார் அவர். "இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்" என்றோம் நாம். சிகரத்தில் மூடுபனி. எதிரே இருந்த மைத்துனரே தெரியவில்லை.

இறங்கும் வழியில் இலையும் மண்ணுமாகக் காரட் கட்டுக்கட்டாக விற்றார்கள். இந்த மலையின் காரட்டுக்கு ஒரு தனி இனிப்பு உண்டு. சாலையோரக் குழாயில் ஒன்றைக் கழுவி, அழுகையை நிறுத்துவதற்காகப் பாப்பாவின் கையில் கொடுத்தோம். பட்டணத்திலிருந்து ஐந்து மூட்டையில் காய்ச்சிய நீரும் கஞ்சிமாவும் சுமந்து வந்த தாயாருக்கு அது தெரியாது. அவர் சால்வையை அலசிக்கொண்டிருந்தார். பின்னால் நேர்ந்ததற்கு அந்தக் காரட்தான் காரணம் என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. நாமாகத்தான் சொல்லிக்கொள்கிறோம்.

சாயங்காலம் நான்கு முறை பேதி. உடம்பு அனலாகக் கொதித்தது. சிறிய கிளினிக் ஒன்றில் இருந்த வைத்திய அம்மாள் குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்து, வாயைத் திறந்து பார்த்து, நிதானமாகப் பேசினார். உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஒன்றை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் முழுவதுமாகக் கரைக்க வேண்டும். பாதிப் பாதியாகப் போட்டுக் கண்ணளவில் கலக்கக் கூடாது. கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி தொடங்க வேண்டும். துத்தநாக மருந்து பதினான்கு நாள். தாய்ப்பால் இருந்தால் நிறுத்த வேண்டாம். "ஆறு மணி நேரம் சிறுநீர் போகாமல் இருந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, துவண்டு படுத்தாலோ, நடு ராத்திரி என்று பார்க்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்விடுங்கள்" என்றார்.

இந்தக் கரைசலின் பெருமையை நாம் பத்தாம் வகுப்பில் வருஷந்தோறும் சொல்வதுண்டு. 1971-ல் வங்க தேசத்து அகதிகள் முகாமில் காலரா பரவிற்று. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பையும் சர்க்கரையையும் நீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது என்று இருந்த மரணம் நான்குக்கும் கீழே இறங்கிற்று. வகுப்பில் இதைச் சொல்லும்போது நம் குரல் கம்பீரமாக இருக்கும். அன்று இரவு அந்தக் கரண்டியைப் பிடித்திருந்த கை நடுங்கிற்று.

பத்து மணி முதல் ஒருவர் மாற்றி ஒருவர் ஊட்டினோம். ஒரு கரண்டி உள்ளே போகும். அரைக் கரண்டி வெளியே வரும். தாயார் மூலையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தார். கடைசியாகத் துணி நனைந்தது ஒன்பதே காலுக்கு என்று சகதர்மிணி நம் அட்டவணை நோட்டைப் பிடுங்கி அதன் பின்புறத்தில் எழுதினார். பன்னிரண்டு அடித்தது, ஒன்று அடித்தது, இரண்டும் அடித்தது. மைத்துனரை எழுப்பிக் காரைத் தயாராக வைக்கச் சொன்னோம். இரண்டு ஐம்பதுக்குச் சகதர்மிணி நம் தோளை உலுக்கினார். "தொட்டுப் பாருங்கள்" என்றார். ஈரம்! சூடான, தாராளமான ஈரம். மகன் பள்ளியில் முதல் பரிசு வாங்கிய அன்றுகூட நம் வீட்டில் அவ்வளவு சந்தோஷம் இருந்ததில்லை.

பொழுது புலரும் வேளையில் காய்ச்சல் தணிந்து பாப்பா உறங்கினாள். சகதர்மிணி ஜன்னலின் திரையை ஒரு சாண் விலக்கிப் பார்த்தார். "மூன்றாவது நாள். இந்த அறைச் சுவரில் எத்தனை விரிசல் என்று கேளுங்கள், சொல்கிறேன்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "உங்கள் எல்லோருக்கும் இது லீவு. எனக்கு அடுப்பு மட்டும் மலையேறியிருக்கிறது."

அன்று முழுவதும் யாரும் வெளியே போகவில்லை. நோட்டில் மிச்சம் இருந்த பத்து இடங்களையும் அடித்துவிட்டோம். மறுநாள் குழந்தை இரண்டு வாய் குழைந்த சாதம் தின்று, செருப்பை எடுத்து எறிந்தாள். அது தேறியதற்கு அடையாளம். "இன்றைக்கு நீயும் அம்மாவும் தாவரத் தோட்டத்துக்குப் போய் வாருங்கள். மாமியும் வரட்டும். குழந்தையை நாம் பார்த்துக்கொள்கிறோம்" என்றோம். "உங்களுக்குத் தெரியாது" என்றார். கரைசல் எங்கே, மாற்றுத் துணி எங்கே, எப்படி அழுதால் பசி, எப்படி அழுதால் தூக்கம் என்று அரை மணி நேரம் பாடம் நடந்தது. வாசல் வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தார். மூன்றாவது தடவை நம் தாயார், "வாடி அம்மா, அவன் பெற்ற பெண்தானே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

விடுதியின் பின்புறம் வெயில் விழும் ஒரு கல் மேடையும் இரண்டு பைன் மரங்களும் இருந்தன. அடியில் மரக்காய்கள் கிடந்தன. கைப்பிடி அளவு பெரியவை, வாயில் போட முடியாதவை. பாப்பா ஒன்றை எடுத்து வந்து நம் மடியில் வைத்தாள். போய் இன்னொன்று. பன்னிரண்டு சேர்ந்ததும் எல்லாவற்றையும் தள்ளிவிட்டாள். மறுபடியும் ஒன்று. இப்படியாக மூன்று மணி நேரம். முதல் அரை மணியில் நமக்குச் சலிப்பு வந்தது, கைப்பேசியை எடுத்தோம், பாப்பா அதன்மேல் ஒரு காயை வைத்தாள். அதற்குப் பிறகு நாமும் பொறுக்கப் போனோம். மழை விட்ட இடத்தில் ஒரு குழியில் நீர் தேங்கியிருந்தது. அதில் ஒரு காயைப் போட்டு, அது மிதப்பதைக் கண்டு அவள் நம் முகத்தைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்த மலை ரயில் பிரசங்கத்துக்கு நாம் எதிர்பார்த்தது அதுதான்.

மூவரும் ஒன்றரை மணிக்குத் திரும்பினார்கள். 1848-ல் ஏற்படுத்திய தோட்டம் அது. புல்வெளியில் தாயார் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாராம். கல்லாய்ப் போன ஒரு மரத் துண்டு, இரண்டு கோடி வருஷத்துப் பழமை என்று எழுதி வைத்திருக்கிறதாம். சகதர்மிணியின் முகத்தில் வெயில் பட்ட சிவப்பு இருந்தது. கல்யாணமான புதிதில் நாம் வர்ணித்த பூக்களின் பெயர்களில் பாதி தவறு என்று திருத்தினார். பிறகு தூங்கும் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்:

"என்னைத் தேடினாளா?"

பாப்பா தேடவில்லை. ஒரு முறைகூடத் தேடவில்லை. இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுக்கும் உத்தியோகத்தில் இருக்கிறோம்.

"இரண்டு தடவை வாசலுக்கு ஓடினாள்" என்றோம்.

"எனக்குத் தெரியும்" என்றார்.