மொய் நோட்டில் ஏறாத விருந்து

ஆடி, ஆவணி மாதங்களில் புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்கே, கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களில் மொய் விருந்துப் பந்தல்கள் எழும். பலர் சேர்ந்து ஒரே பந்தலில் ஆட்டுக்கறி விருந்து வைப்பார்கள். சாப்பிட்டு எழுந்தவரின் பெயரும் ஊரும் தொகையும் நோட்டில் ஏறும். இப்போது கணினியும் பணம் எண்ணும் இயந்திரமும்கூட வந்துவிட்டன. ஒருவர் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை விருந்து வைக்கலாம். அதற்கிடையில் தனக்கு மொய் செய்தவர்கள் விருந்து வைக்கும்போது, வாங்கியதோடு கொஞ்சம் கூட்டியே திருப்பிச் செய்தாக வேண்டும். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, ஊர் வாக்குதான் பிணை. ஆழ்துளைக் கிணறு போடவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும், தொழில் தொடங்கவும் வங்கியை நம்ப முடியாத விவசாயிக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு இது. இதைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. கொடுப்பது எப்படிக் கணக்காகிறது என்பதை இந்த மக்கள் அறிந்த அளவுக்கு வேறு யாரும் அறிந்திருக்க மாட்டார்கள். ஆகவே, வியாபாரத்துக்கு அப்பால் கிறிஸ்துமஸின் ஆன்மிகப் பொருள் எது என்ற கேள்விக்கு இந்த மண்ணிலிருந்தே தெளிவான பதில் சொல்ல முடியும் என்று கருதுகிறேன்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் வேறு. துணிக்கடைத் தள்ளுபடி, பிளாஸ்டிக் மரம், மின்சார நட்சத்திரம், பிளம் கேக் எல்லாம் பண்டிகையைக் கெடுத்துவிட்டன, செலவைக் குறைத்தால் பக்தி திரும்பிவிடும் என்கிறார்கள். வரலாறு இதற்குத் துணை நிற்கவில்லை. வட அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தை ஆண்ட தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள் 1659இல் கிறிஸ்துமஸ் கொண்டாடினாலே அபராதம் என்று சட்டம் போட்டார்கள். 1681 வரை அது நடப்பில் இருந்தது. கிறிஸ்துமஸ் வியாபாரமும் கேளிக்கையும் இல்லாத டிசம்பர்தான் அது. அதனால் அந்தச் சமூகம் ஏழைக்கு நெருக்கமாகிவிட்டதாக யாரும் எழுதி வைக்கவில்லை. இன்னொரு பக்கம், கலப்படமில்லாத ஆதி கிறிஸ்துமஸ் ஒன்று இருந்தது என்பதும் கற்பனைதான். இயேசு பிறந்த தேதியை நற்செய்திகள் சொல்லவில்லை. டிசம்பர் 25 என்ற நாள் உரோமையில் நான்காம் நூற்றாண்டில்தான் உறுதியாகத் தென்படுகிறது. குடில் அமைக்கும் வழக்கம் பரவியது 1223இல் அசிசி நகர் பிரான்சிஸ் கிரேச்சியோ என்ற ஊரில் மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் வைத்து அந்த இரவை ஏழை மக்கள் கண்முன் கொண்டுவந்த பிறகு. மரமும் வாழ்த்து அட்டையும் அதற்கும் மிகப் பிந்தியவை. நட்சத்திரம் கட்டலாம், கட்டாமலும் விடலாம். பொருள் அங்கே இல்லை.

பொருள் இருக்கும் இடத்தை அறிய, கதைக்கே போக வேண்டும். லூக்கா சொல்லும் பிறப்புக் கதை ஒரு கணக்கில்தான் தொடங்குகிறது. பேரரசர் அகுஸ்து குடிமக்கள் அனைவரின் பெயரையும் பதிவு செய்யச் சொல்கிறார். அந்தப் பதிவுக்காகவே யோசேப்பும் நிறைமாத மரியாவும் பெத்லகேமுக்கு நடக்கிறார்கள். தங்க இடமில்லை, குழந்தை தீவனத் தொட்டியில் கிடத்தப்படுகிறது. செய்தி முதலில் போய்ச் சேர்வதோ அரண்மனைக்கு அல்ல, இரவில் வெளியில் மந்தைக்குக் காவல் கிடந்த இடையர்களுக்கு. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு, வயலுக்கு வயல் கிடை போட்டபடி புதுக்கோட்டையைக் கடந்து தஞ்சைச் சமவெளிக்குப் போகும் கீதாரிகளைப் பார்த்தவர்களுக்கு, அந்த இரவுக் காவல் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. பனியிலும் சேற்றிலும் படுத்து எழுகிறவர்கள் அவர்கள். தாங்கள் கிடை போடும் ஊரின் மொய் நோட்டில் அவர்கள் பெயர் இருக்காது. திருப்பிச் செய்வார்கள் என்று நம்பி அவர்களுக்கு யாரும் பத்திரிகை வைப்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்குத்தான் முதல் அழைப்பு போனது.

அந்தக் குழந்தை வளர்ந்து சொன்னதும் இதையேதான். லூக்கா 14ஆம் அதிகாரத்தில், விருந்து வைக்கும்போது நண்பர்களையும் உறவினர்களையும் வசதியுள்ள அண்டை வீட்டாரையும் அழைக்க வேண்டாம் என்கிறார் இயேசு. அவர்கள் திருப்பி அழைத்துவிடுவார்கள், கணக்கு அங்கேயே தீர்ந்துவிடும் என்பதே காரணம். ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் அழைக்கச் சொல்கிறார்; ஏனென்றால் அவர்களால் திருப்பித் தர முடியாது. உலகின் பல இடங்களில் இது பொதுவான இரக்கப் பேச்சாகக் கேட்கலாம். கீரமங்கலத்தில் அப்படிக் கேட்காது. மொய் விருந்தின் ஒவ்வொரு விதியையும் அறிந்த ஒருவர், அந்த விதிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டதுபோல் கேட்கும். கிறிஸ்துமஸை வியாபாரம் கெடுக்கிறது என்பதன் உண்மையான பொருளும் இங்கேதான் புலப்படுகிறது. செலவு கூடியது அல்ல சிக்கல். கேக் கொடுத்த வீட்டுக்குக் கேக், துணி எடுத்துக் கொடுத்தவருக்குத் துணி, வாழ்த்துக்கு வாழ்த்து என்று கொடுப்பது முழுவதும் ஏற்கெனவே கொடுக்க வல்லவர்களுக்குள்ளேயே சுற்றி வருவதுதான் சிக்கல். கடை அந்தச் சுற்றை வேகப்படுத்துகிறது, அவ்வளவே.

கணக்கில்லாத கொடை மனிதரால் ஆகாத காரியம் என்று சொல்வோருக்கு இந்த மாவட்டமே சாட்சி. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது. ஆலங்குடி, கீரமங்கலம் வட்டாரங்களில் தலைமுறைகளாக வளர்த்த தென்னந்தோப்புகள் ஒரே இரவில் சாய்ந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பவே வாரக்கணக்கானது. அப்போது வெளி மாவட்டங்களிலிருந்து அரிசியும் மெழுகுவத்தியும் தார்ப்பாயும் ஏற்றிவந்த வண்டிகளுக்கு இங்கே எவரும் சொந்தமில்லை. வேறு ஊர்களிலிருந்து வந்த மின்வாரிய ஊழியர்கள் சேற்று வயலில் இறங்கிக் கம்பம் நட்டார்கள். அதையெல்லாம் யாரும் நோட்டில் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் திருப்பிச் செய்ய வழியில்லை. மொய் விருந்துகளே அடுத்த ஆண்டு களையிழந்தன, தென்னை வருமானம் போய்விட்டதால். புயலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் இடையே அந்த ஆண்டு 39 நாட்கள்தான். கிறிஸ்துமஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் பொருளை எந்தப் பிரசங்கத்தையும்விட அந்த நாட்கள் நன்றாக விளக்கின என்பது என் துணிபு.

திருவருகைக் காலம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கத்தோலிக்கத் திருச்சபையின் நாட்காட்டியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளும் காத்திருப்பின் காலம். குருக்களுக்கு ஊதா உடை, ஞாயிறு பூசையில் வானவர் கீதம் பாடுவதில்லை. கொண்டாட்டம் 24ஆம் தேதி இரவுத் திருப்பலியில் தொடங்கி, ஜனவரியில் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. கடைகளின் நாட்காட்டி இதற்கு நேரெதிர். நவம்பர் கடைசியில் நட்சத்திரம் தொங்கும், 25ஆம் தேதியோடு எல்லாம் இறங்கும், மறுநாள் பொங்கல் தள்ளுபடிக்குத் துணி மாறும். கடைகள் தங்கள் வேலையைச் செய்கின்றன. அவற்றின் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. ஆனால் பங்குகளும் சபைகளும் கடை நாட்காட்டிப்படியே ஓடி, 26ஆம் தேதி காலையில் ஓய்ந்துபோய் உட்காருவது வருத்தம் தருகிறது.

வியாபாரத்தால் பிழைப்பவர்கள் இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். தையல்காரர், பேக்கரித் தொழிலாளி, தெருவோரம் நட்சத்திரம் விற்பவர் எல்லோருக்கும் டிசம்பர் ஒரு சிறு அறுவடை. ஆண்டில் ஒருமுறை புதுத்துணி உடுத்தும் குழந்தையின் மகிழ்ச்சியைப் பேராசை என்று சொல்பவரோடு எனக்கு உடன்பாடில்லை. செலவு செய்யட்டும், உள்ளூர்த் தையல்காரரிடமும் உள்ளூர் அடுப்பிலும் செய்யட்டும். குழுக் கடன் வாங்கி, வாரத் தவணைக்கு ஜனவரி முழுக்கத் தவிக்கும்படி மட்டும் செய்ய வேண்டாம். அந்தத் தவிப்பைச் சுமப்பவர்கள் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. திருப்பித் தர முடியாதவருக்குக் கொடுப்பது அவரைத் தாழ்த்தாதா? மொய் விருந்தில் கொடுப்பவரும் வாங்குபவரும் சமம். இன்று வாங்கியவர் நாளை நிமிர்ந்து நின்று கொடுக்கிறார். போர்வை கொடுத்துப் படம் பிடித்துப் போடும் கிறிஸ்துமஸில் அந்த மரியாதை இருக்கிறதா? இந்தக் கேள்வியை நான் முழுமையாக ஏற்கிறேன். கிறிஸ்தவ நம்பிக்கையே இதற்கு விடையும் வைத்திருக்கிறது. பெத்லகேமில் கடவுள் கொடுப்பவராக மேடையில் நிற்கவில்லை. இடம் கேட்டு நின்ற குடும்பத்தில், தாயின் கையால் துணி சுற்றப்பட்டு, முன்பின் தெரியாதவர்கள் கொண்டுவந்த காணிக்கையை வாங்கிக்கொள்ளும் குழந்தையாக வந்தார். குடிலில் நிற்கும் யோசேப்பு ஒரு தச்சுத் தொழிலாளி. நற்செய்திகளில் அவர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அவரைப் பாட்டுடைத் தலைவனாக்கித்தான் வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். அவர் பணியாற்றிய பழைய மதுரை மிஷனின் முக்கியத் தலங்களில் ஒன்று இந்த மாவட்டத்து ஆவூர். கைத்தொழிலாளியை ஓரத்திலிருந்து காவியத்தின் நடுவே கொண்டுவந்தது தமிழ்க் கிறிஸ்தவம். ஆகவே கொடுப்பதற்கு உரிய முறை பொட்டலம் நீட்டுவது அல்ல. ஒரே பந்தியில் பக்கத்தில் உட்காருவது.

பந்தி என்றால் சாதி வந்துவிடுகிறது. இதை மறைத்துக்கொண்டு கிறிஸ்துமஸின் ஆன்மிகம் பேச முடியாது. தமிழகத் திருச்சபைக்குள் தனிக் கல்லறை, தனித் தெரு, தனி மரியாதை இருந்ததும் இருப்பதும் ஊரறிந்த செய்தி. தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கையை 2016 டிசம்பரில் வெளியிட்ட இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. இதே புதுக்கோட்டையில், 2022 கிறிஸ்துமஸுக்கு மறுநாள், வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது வெளியே தெரிந்தது. விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் அங்கே இரட்டைக் குவளை முறை இருப்பதைக் கண்டார்கள். தொழுவத்தில் பிறந்தவரை வணங்கும் எந்த வீடும் அதை யாரோ எவருக்கோ நடந்த செய்தியாகக் கடந்துபோகக் கூடாது. குடிலுக்குப் பணம் வசூலிக்கும் கூட்டத்திலேயே, நம் விருந்துக்கு இதுவரை வராத தெரு எது என்றும் கேட்கப்பட வேண்டும்.

ஆகவே புதுக்கோட்டைப் பங்குகளுக்கும் சபைகளுக்கும் வீடுகளுக்கும் என் வேண்டுகோள் இது. இந்த ஆண்டு ஒரு பந்தியாவது மொய் நோட்டு திறக்காத பந்தியாக இருக்கட்டும். கிடை போட்டிருக்கும் கீதாரிக் குடும்பம், துப்புரவுப் பணியாளர், வேலை தேடி வந்திருக்கும் வடமாநிலத் தொழிலாளி, பிள்ளைகள் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கத் தனியே கிடக்கும் முதியவர் ஆகியோரை வாசலுக்கு அல்ல, இலைக்கு அழையுங்கள். படம் எடுக்க வேண்டாம். அவர்கள் கையில் ஏதாவது கொண்டுவந்தால் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்ளுங்கள். 25ஆம் தேதி விடுப்புக் கிடைக்காத பேருந்து ஊழியருக்கும் மருத்துவமனைப் பணியாளருக்கும் துணிக்கடைப் பெண்களுக்கும் வேறொரு நாளை ஒதுக்குங்கள். திருச்சபையின் நாட்காட்டிப்படி, ஜனவரியிலும் கிறிஸ்துமஸ் காலம் தொடர்கிறது.