ஒரு ராத்திரிக் கடவுள்

சுற்றுலாக்காரர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கிற தாள்களில் 'இசை, நாடகம்' என்று ஒரு பக்கம் இருக்கும். டிசம்பரில் சென்னை சபாக் கச்சேரி. கொச்சியில் சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு வெட்டிச் சுருக்கிய கதகளி. கண்ணூரில் தெய்யம். முதல் இரண்டும் 'செவ்வியல்', மூன்றாவது 'நாட்டார் சடங்கு'. பெயர் வைத்தவன் யாரென்று உங்களுக்குத் தெரியும்.

வெளிநாட்டுப் பயணி பார்த்துவிட்டுப் போகட்டும். நம் தோழர்களும் மாணவர்களும் தெய்யம் பார்த்துவிட்டு வந்து 'என்ன ஒரு கலகம்!' என்கிறார்களே, அதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

வட மலபாரில் ஐப்பசி தொடங்கி வைகாசி வரை தெய்யக் காலம். ஆடுகிறவர்கள் வண்ணான், மலையன், வேலன், புலையன் என்று ஒடுக்கப்பட்ட சாதியினர். முகத்தெழுத்து முடிந்து, தலையில் முடி ஏற்றி, கண்ணாடியில் தன்னைப் பார்க்கிற நொடியில் அந்த ஆள் கடவுளாகிவிடுகிறார். செண்டை நெஞ்சுக்குள் இடிக்கும். தரவாட்டு நாயர் கைகூப்பி நின்று குறை சொல்வார், மஞ்சள்பொடி வாங்கிக்கொள்வார். மயிர் சிலிர்க்கும், மறுக்கவில்லை.

பொட்டன் தெய்யத்தை எடுத்துக்கொள்வோம். வழியை விட்டு விலகு என்ற சங்கராச்சாரியைப் புலையன் ஒருவன் மடக்கி மடக்கிக் கேள்வி கேட்கிறான். சங்கரர் வாயடைத்துப் போகிறார். கதை அங்கேயே நின்றிருந்தால் வம்பில்லை. கேட்டவன் புலையனே இல்லையாம், மாறுவேஷத்தில் வந்த சிவனாம்! புலையனுக்கு ஏது அவ்வளவு அறிவு என்பதுதானே இதற்குள் இருக்கிற பேச்சு? பிறகு அந்தத் தெய்யம் கனன்று கிடக்கிற தணல் மேட்டில் போய்ப் படுக்கிறது. தில்லையில் நந்தனும் நெருப்பில் இறங்கித்தான் உள்ளே போக வேண்டியிருந்தது. நமக்கு மட்டும் எல்லா வாசலிலும் தீ.

விடிந்தால் முடியை இறக்கி, முகத்தைத் துடைத்துவிட்டுப் போக வேண்டியதுதான். பலருக்கு மற்ற மாதங்களில் கூலி வேலை. எந்தக் காவில் எந்தக் குடும்பம் ஆடுவது என்பது பிறப்பால் வருகிறது. அதை 'உரிமை' என்கிறார்கள். சாவுக்குப் பறையடிப்பதையும் நம் ஊரில் அப்படித்தானே சொன்னார்கள்? அடிக்க மாட்டோம் என்றவர்கள் பட்ட அடி நமக்குத் தெரியாததா? ஆடுகிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த உடம்பில் இருக்கிற வித்தை சாதாரணமானதல்ல. கதகளிக்கு 1930லேயே கலாமண்டலம் என்று பள்ளி வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். பார்க்கப் போகிறவன் கேட்க வேண்டியதைத்தான் சொல்கிறேன்: அவருக்கு என்ன கொடுத்தார்கள்? எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார்? மறுநாள் அதே தரவாட்டில் எந்தப் படி வரைக்கும் ஏறலாம்? இதைக் கேட்காமல் போட்டோ மட்டும் எடுத்து வருவதற்குப் பெயர் கலகமா?

கடவுள் வேஷம் இல்லாமல், சொந்த முகத்தோடு நின்று பாடிய மரபும் இந்த நாட்டில் இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் மகர், மாங் சாதியினர் ஆடிவந்த தமாஷாவின் உருவத்தை எடுத்து, 1930களில் பீம்ராவ் கர்டக் போன்றவர்கள் அம்பேத்கர் ஜல்சா நடத்தினார்கள். பிறகு வாமன்தாதா கர்டக் ஊர் ஊராகப் பாடினார். 1997 ஜூலை 11ல் மும்பை ரமாபாய் நகரில், அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டதை எதிர்த்துத் திரண்டவர்களைப் போலீஸ் சுட்டது. பத்துப் பேர் செத்தார்கள். நாலு நாளில் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்குப் போட்டுக்கொண்டார். அங்கிருந்துதான் ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' படம் தொடங்குகிறது.

டிசம்பர் 6ல் தாதர் சைத்யபூமிக்குப் போங்கள். சிவாஜி பார்க் முழுக்க ஜனம், புத்தகக் கடைகள், பாட்டு. டிக்கெட் கிடையாது. சென்னையில் சபாக்கள் களைகட்டுகிற அதே மாதம்தான். மராத்தி தெரியாதே என்று சிலர் இழுக்கிறார்கள். தியாகராஜர் கீர்த்தனைக்குத் தலையாட்டுகிறவர்களுக்கெல்லாம் தெலுங்கு தெரியுமா என்ன?