சைலன்சரைக் கழட்டினால் வண்டி இழுக்குமா?

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் சுமார் 40 கிலோமீட்டர். அந்த நெடுஞ்சாலை ஓரம் அரை மணி நேரம் நின்றால் போதும், டிஎன் 32, டிஎன் 16 என்று நம்பர் போட்ட பழைய பிக்கப்புகளும் குட்டி யானைகளும் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். தர்பூசணி, சவுக்குக் கட்டை, மல்லாட்டை மூட்டை, மரக்காணத்து உப்பு... எல்லாம் அவற்றின் முதுகில்தான். அதில் சில வண்டிகள் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். டமடமடம! சைலன்சர் இருக்காது. அல்லது டப்பா மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது.

இது காலேஜ் பையன்கள் பைக்கில் செய்கிற அலப்பறை மாதிரி இல்லை. இங்கே பிழைப்பு இருக்கிறது. வண்டிக்குப் பத்துப் பன்னிரண்டு வயதாகிவிட்டது, லோடு ஏற்றினால் மேம்பாலம் ஏறத் திணறுகிறது. பட்டறைக்குப் போனால் உடனே ஒரு வைத்தியம் சொல்கிறார்கள். "சைலன்சர் உள்ள இருக்கிற தடுப்பெல்லாம் எடுத்துட்டா ஃப்ரீயா இழுக்கும்ணா, மைலேஜும் ஏறும்." செலவும் அதிகமில்லை. வெட்டி எடுத்து, வெல்டிங் வைத்தால் முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பல சமயம் வண்டி உண்மையிலேயே முன்பைவிட நன்றாக இழுக்கும்! மெக்கானிக் பொய் சொல்லவில்லை. ஆனால் காரணம் அவர் சொன்னது இல்லை.

பழைய சைலன்சர் உள்பக்கமிருந்துதான் முதலில் அழுகும். டீசல் எரியும்போது புகையோடு நீராவியும் உண்டாகிறது. வண்டி நின்று குழாய் ஆறியதும் அது தண்ணீராகி உள்ளே தங்கும். டீசலில் இருக்கும் கந்தகமும் சேர்ந்தால் அமிலம். தகடு அரித்து, உள் தடுப்புகள் உடைந்து, கரி படிந்து வழி அடைத்துக்கொள்ளும். புகை வெளியே போக முடியாவிட்டால் புதுக் காற்று எப்படி உள்ளே வரும்? வண்டி திணறத்தான் செய்யும். அந்த அடைப்பை எடுத்ததும் வண்டிக்கு மூச்சு வருகிறது. ஆக, பலன் கிடைத்தது அடைப்பு போனதால், சைலன்சர் போனதால் இல்லை. அதே இடத்தில் சரியான புது சைலன்சரை மாட்டியிருந்தாலும் அதே பலன் சத்தமில்லாமல் கிடைத்திருக்கும். ஒப்பிட வேண்டியது அழுகின சைலன்சரையும் வெறும் குழாயையும் இல்லை, புது சைலன்சரையும் வெறும் குழாயையும். அந்த ஒப்பீட்டை யாரும் செய்து பார்ப்பதில்லை.

அதற்கு மேல் வெறும் குழாயால் என்ன கிடைத்துவிடும்? டீசல் இன்ஜினின் பலம், எவ்வளவு டீசல் நன்றாக எரிகிறது என்பதைப் பொறுத்தது. பம்பும் இன்ஜெக்டரும் அதே அளவு டீசலைத்தான் விடுகின்றன என்றால், பின்பக்கம் குழாயை எவ்வளவு பெரிதாக்கினாலும் பெரிய மாற்றம் வராது. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது அதில் இருந்தது 702 சிசி, இரண்டு சிலிண்டர் இன்ஜின். 16 குதிரைத்திறன், டர்போ கிடையாது. அதில் சைலன்சரைக் கழட்டினால் 16 என்பது 20 ஆகிவிடாது. சத்தம் மட்டும் லாரி அளவுக்கு வரும். கூடவே வண்டி வேகமாகப் போவது போல ஒரு பிரமையும்!

இந்தப் பிரமைக்கு முதலில் விலை கொடுப்பவர் டிரைவர்தான். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88 என்றால் நாலு மணி நேரம், 91 என்றால் இரண்டு. காது ஒரே நாளில் போவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போனது திரும்பி வராது. இதோடு, சரியில்லாத வெல்டிங்கிலும் தளர்ந்த இணைப்பிலும் கசியும் புகை கேபினுக்குள் வரும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே உறுதியாகச் சொல்லிவிட்டது.

அடுத்து விலை கொடுப்பவர்கள் ரோட்டோரம் இருப்பவர்கள். இதே சாலையில்தான் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி என்று 2000-ம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. ராத்திரி இரண்டு மணிக்கு அந்த வழியாகப் போகிற வெறும் குழாய் வண்டிக்கு அந்த விதி தெரியுமா?

சட்டம் இல்லாமல் இல்லை. கம்பெனி கொடுத்த அமைப்பை அனுமதியில்லாமல் மாற்றினால், 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். சத்தமும் புகையும் அளவு மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் தனி. எட்டு வயது தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. வேறு. ஆனால் அன்றைக்கு மட்டும் நல்ல சைலன்சரை மாட்டிக் காட்டிவிட்டு, மறுநாள் பழையபடி ஓடினால் யார் கேட்பது? டியூ கட்டத் திணறுகிற ஒருவரிடம் அபராதச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தால் மட்டும் சைலன்சர் முளைத்துவிடாது.

அப்படியென்றால் மேம்படுத்தவே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். முதலில் ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், கிளட்ச் மூன்றையும் பார்க்க வேண்டும். கரும்புகை வந்தால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான், குழாயில் இல்லை. பிறகு அழுகின குழாயை மாற்றும்போது, அதே குறுக்களவில், அதே மாடலுக்கான சைலன்சரை வாங்க வேண்டும். சாதா இரும்புத் தகட்டைவிட அலுமினியப் பூச்சுத் தகடோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோ கிடைத்தால், விலை கூடுதலாக இருந்தாலும் பல வருஷம் உழைக்கும். உப்பு லோடு ஏற்றுகிறவர்களுக்கு இது ரொம்பவே முக்கியம். கேஸ்கெட்டையும், குழாயைத் தாங்கும் ரப்பர்களையும் கூடவே மாற்றிவிட வேண்டும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியென்றால் அதைக் கழட்டவே கூடாது. உள்ளே பிளாட்டினம் மாதிரி விலை உயர்ந்த உலோகம் இருப்பதால், "இது வேண்டாம்ணா" என்று யாராவது கழட்டச் சொன்னால், அது யாருக்கு லாபம் என்று ஒரு நிமிஷம் யோசிப்பது நல்லது.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 வந்த பிறகு டீசல் வண்டிகளின் புகைக்குழாயிலேயே சென்சார்கள் வந்துவிட்டன. கை வைத்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும். பழைய வண்டியில் எந்த விளக்கும் எரியாது. அங்கே தடுக்க வேண்டியது ஓட்டுகிறவரின் மனசு மட்டும்தான்.

நல்ல வண்டிக்கு அடையாளம் சத்தம் இல்லை. லோடோடு திண்டிவனம் மேம்பாலத்தை அலட்டிக்கொள்ளாமல் ஏறி, முண்டியம்பாக்கத்தில் தூங்குகிற ஒரு நோயாளியையும் எழுப்பாமல் போகிறதே, அதுதான் நன்றாக இழுக்கிற வண்டி!