பல்பு தாயாகுமா?



போன மாதம் எங்கள் தெருவில் ஒருவர் சைக்கிளில் கூடை நிறையக் கோழிக்குஞ்சுகளைக் கொண்டுவந்தார். பச்சை, ஊதா, ரோஜா என்று சாயம் ஏற்றிய குஞ்சுகள். பார்த்திருப்பீர்கள். அடுத்த வீட்டுச் சிறுமி, ஐந்தாம் வகுப்பு படிப்பவள், அம்மாவிடம் அடம்பிடித்து மூன்று குஞ்சுகள் வாங்கினாள். அட்டைப்பெட்டியில் விட்டாள். அரிசி நொய் போட்டாள். கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள். ராத்திரி குளிருமே என்று அப்பாவிடம் சொல்லி, பெட்டிக்கு மேலே ஒரு பல்பும் தொங்கவிடச் செய்தாள்.

மறுநாள் காலை இரண்டு குஞ்சுகள் செத்துக் கிடந்தன. மூன்றாவது அன்று சாயங்காலம் போயிற்று.

"எல்லாம் சரியாத்தானே செஞ்சேன் தாத்தா... பல்பு கூடப் போட்டேனே?" என்று அழுதுகொண்டே கேட்டாள்.

போய்ப் பார்த்தேன். தொங்கிக்கொண்டிருந்தது எல்.இ.டி. பல்பு. அது நல்ல வெளிச்சம் தரும்; குஞ்சைக் காப்பாற்றும் அளவுக்குச் சூடு தராது. மின்சாரம் சூடாகி வீணாகக் கூடாது என்றுதானே அந்தப் பல்பையே செய்தார்கள்! பழைய குண்டு பல்பு அப்படியல்ல, கை வைத்தால் சுட்டுவிடும். குஞ்சுக்கு வேண்டியது அந்தச் சூடுதான். வெயிலில் அலைந்த களைப்பு, சாயம், இவையும் அந்தக் குஞ்சுகளை வாட்டியிருக்கும். ஆனால் இரவுக் குளிர்தான் பெரிய எதிரி. இதை அவளுக்கு யாரும் முன்பே சொல்லவில்லை. உங்களுக்காவது சொல்லிவிடலாம் என்றுதான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சின் உடம்பில் இருப்பது இறகு அல்ல, பஞ்சு போன்ற தூவி. முதல் சில நாட்களுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ள அதற்குத் தெரியாது. உண்மையான இறகு முளைத்து உடம்பை மூட நான்கைந்து வாரங்கள் ஆகும். பசியைக் கூட அது கொஞ்சம் தாங்கும். பொரிப்பதற்குச் சற்று முன்னால் முட்டையின் மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டுதான் குஞ்சு வெளியே வருகிறது. இரண்டு நாளுக்கு அந்தக் கட்டுச்சோறு போதும். அதனால்தான் ஒரு நாள் குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து வெளியூருக்கு அனுப்ப முடிகிறது. குளிரை மட்டும் அதனால் ஓர் இரவு கூடத் தாங்க முடியாது.

தாய்க்கோழி என்ன செய்கிறது? அதன் உடம்புச் சூடு சுமார் 41 டிகிரி செல்சியஸ். நமக்கு அந்த அளவு ஏறினால் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்! 21 நாட்கள் முட்டைகளை உருட்டி உருட்டி அடைகாக்கிறது. இரை தின்னத் தினமும் சிறிது நேரம்தான் எழுந்திருக்கும். குஞ்சு பொரித்த பிறகு, அதன் இறக்கைக்கு அடியில்தான் குஞ்சுகளின் வீடு. வெளியே வந்து கொஞ்சம் மேயும். குளிர் எடுத்தால் உள்ளே ஓடும். சூடு ஏறியதும் இறக்கையிடுக்கில் தலையை மட்டும் நீட்டி வேடிக்கை பார்க்கும். எவ்வளவு சூடு வேண்டும் என்று குஞ்சே முடிவு செய்துகொள்கிறது. கோழிக்கு மின்வெட்டும் கிடையாது.

சூடு மட்டுமா? பாடமும் நடக்கிறது. கிராமத்துக்குப் போனால் அரை மணி நேரம் உட்கார்ந்து கவனியுங்கள். ஒரு புழுவோ கரையானோ கிடைத்தால் தாய் விழுங்காது. அலகால் எடுக்கும், போடும், மறுபடி எடுக்கும், "கொக்... கொக்..." என்று வேகமாகக் கூப்பிடும். குஞ்சுகள் ஓடிவந்து கொத்தும். எது தின்னக்கூடியது என்ற பாடம் அது. வானத்தில் பருந்து தெரிந்தால் வேறு ஒரு குரல். அதைக் கேட்டதும் குஞ்சுகள் செடிக்கு அடியில் பதுங்கிவிடும். நாயோ கீரியோ தரையில் வந்தால் குரல் இன்னொரு விதம். நாற்பது வருடம் வகுப்பெடுத்தவன் சொல்கிறேன், என் குரலுக்கு அவ்வளவு மரியாதை ஒரு நாளும் கிடைத்ததில்லை!

தாய் வளர்த்தால் ஒரு குறையும் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 'கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா?' என்று பழமொழி கேட்கிறது. சில சமயம் ஆகும், நானே பார்த்திருக்கிறேன். பருந்து, காக்கை, கீரி எல்லாம் கொண்டுபோனது போக, பத்துக் குஞ்சில் பாதி தேறினாலே கிராமத்துப் பாட்டிகள் சந்தோஷப்படுவார்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தால் அந்தப் பாதியும் மிஞ்சாது. அதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. முதல் வாரத்திலேயே கால்நடை மருத்துவமனையில் கேட்டுப் போடவேண்டும். தாய் வளர்த்தாலும் சரி, பல்பு வளர்த்தாலும் சரி, இது கட்டாயம்.

பண்ணைகளில் தாய்க்கோழிக்குப் பதிலாக 'புரூடர்' வைத்திருக்கிறார்கள். மேலே சூடு தரும் விளக்கு. கீழே நெல் உமி பரப்பிய தரை. சுற்றிலும் தகரத்தாலோ அட்டையாலோ வட்டமான வேலி. ஏன் வட்டம்? மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே போய் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். முதல் வாரம் 35 டிகிரி சூடு. பிறகு வாரம் மூன்று டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் போட்டு வைக்கலாம். இல்லாவிட்டால் குஞ்சு விழுந்து மூழ்கிவிடும்.

அனுபவசாலிகள் தெர்மாமீட்டரை நம்புவதை விடக் குஞ்சுகளைத்தான் நம்புவார்கள். விளக்குக்கு அடியில் எல்லாம் ஒட்டிக்கொண்டு கீச்கீச்சென்று கத்தினால் சூடு போதவில்லை. விலகி ஓரத்துக்குப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பரவி மேய்ந்தும் தூங்கியும் இருந்தால் எல்லாம் சரி. ராத்திரி இரண்டு மணிக்கும் எழுந்து ஒருவர் போய்ப் பார்க்கவேண்டும். தாய்க்கோழி செய்யும் வேலையைப் பல்பு தனியாகச் செய்வதில்லை. பல்பும் ஒரு மனிதரும் சேர்ந்துதான் செய்கிறார்கள்.

இவ்வளவு சிரமம் ஏன், கோழியிடமே விட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். ஒரு கோழியின் இறக்கைக்குள் பத்துப் பன்னிரண்டு குஞ்சுகள்தான் அடங்கும். இன்னொரு காரணமும் உண்டு. நாட்டுக்கோழி சில முட்டைகள் இட்டதும் அடையில் உட்கார்ந்துவிடும். அப்போது முட்டை இடாது. நாமக்கல் பண்ணைகளில் இருக்கும் முட்டைக்கோழி வருடத்துக்கு 300 முட்டை வரை இடும். ஆனால் அதற்கு அடைகாக்கவே தெரியாது. அடையில் உட்காராத கோழிகளாகப் பார்த்துப் பார்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்ததால் அந்தக் குணமே மறைந்துபோயிற்று. சத்துணவில் உங்கள் தட்டுக்கு வரும் முட்டையை இட்ட கோழி, தாயையே பார்க்காமல் புரூடரில் வளர்ந்தது. (அந்த முட்டையை அடை வைத்தால் குஞ்சு வருமா? வராது. அந்தப் பண்ணையில் சேவல் கிடையாது.)

சாயக் குஞ்சுகள் எங்கிருந்து வந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொரிப்பகத்தில் பொரிப்பவற்றில் ஏறக்குறைய பாதி சேவல் குஞ்சுகள். அவை முட்டை இடாது. இறைச்சிக் கோழி போலச் சீக்கிரம் எடையும் போடாது. எனவே பண்ணைக்கு அவை வேண்டாம். அவற்றில் ஒரு பகுதிதான் சாயம் பூசி உங்கள் தெருவுக்கு வருகிறது. இப்படி வேண்டாம் என்று ஒதுக்கும் குஞ்சுகளைக் கொல்வதை ஜெர்மனி 2022 முதல் தடை செய்திருக்கிறது. முட்டைக்குள் இருக்கும்போதே சேவலா பெட்டையா என்று கண்டுபிடிக்கும் முறைகளும் வந்துவிட்டன. நம் ஊரில் இன்னும் கூடைக்காரர்தான் வருகிறார்.

அடுத்த முறை அவர் வரும்போது வாங்காதீர்கள் என்பது என் கட்சி. பாவம், வாங்கினால் பிழைக்குமே என்று தோன்றும். நாம் வாங்க வாங்க இன்னும் நிறையக் குஞ்சுகளுக்குச் சாயம் ஏறும். ஏற்கெனவே வாங்கியிருந்தால், வட்டமான அட்டை வேலி, உமி, 60 வாட்ஸ் குண்டு பல்பு தயார் செய்யுங்கள். பல்பைப் பெரியவர்கள்தான் மாட்டவேண்டும். அட்டையிலோ உமியிலோ பட்டால் தீப்பிடித்துவிடும். கரண்ட் போனால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி உள்ளே வையுங்கள். தெரிந்தவர் வீட்டில் இப்போதுதான் குஞ்சு பொரித்த தாய்க்கோழி இருந்தால் இன்னும் நல்லது. இருட்டிய பிறகு சத்தமில்லாமல் அதன் அடியில் குஞ்சை வைத்துவிட்டால், பெரும்பாலும் தன் குஞ்சு என்றே ஏற்றுக்கொள்ளும். குஞ்சு பிறந்து ஓரிரு நாளுக்குள் செய்யவேண்டிய வேலை இது.

அடுத்த வீட்டுச் சிறுமிக்கு ஊரில் பாட்டி இருக்கிறார். அவர் வீட்டுக் கோழி பதினோரு முட்டைகளோடு அடையில் உட்கார்ந்திருக்கிறதாம். காலண்டரில் 21 நாளை எண்ணிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள். அது ஒரு சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலமே பஸ் ஏறவேண்டும் என்று அப்பாவை இப்போதிருந்தே நச்சரிக்கிறாள்.