எந்த ‘போடல’?

போன வாரம் அத்தையை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அத்தை என்றால் என் மாமியார். கும்பகோணத்திலிருந்து டொரண்டோவுக்கு வந்து நாலு மாசம் ஆகிறது. ஆங்கிலம் படிப்பார், பேசித்தான் பழக்கமில்லை.

பிபி மாத்திரை போட்டாச்சா என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, “நோ டாக்டர், ஐ ஆம் நாட் டேக்கிங்” என்று சொல்லிவிட்டார். டாக்டர் முகம் மாறிவிட்டது. எப்போ நிறுத்தினீங்க, ஏன் நிறுத்தினீங்க என்று ஒரே கேள்வி. கூட வந்த என் ஒன்பது வயசு மகள்தான், “ஷி ஹேஸன்ட் டேக்கன் இட் டுடே” என்று காப்பாற்றினாள். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு வந்ததால் அன்று காலை மட்டும் போடவில்லை. அவ்வளவுதான்.

தப்பு அத்தையுடையது இல்லைங்க. தமிழில் ‘போடல’ என்ற ஒரே சொல் எல்லாவற்றுக்கும் போதும். நான் போடல, அவ போடல, நேத்து போடல, இப்போ போடல. ஆங்கிலம் அப்படி விடாது. நிகழ்காலத்திலேயே மூன்றாகப் பிரிக்கும்.

வழக்கமே இல்லை, அதாவது நம்ம ‘போடறதில்ல’ என்றால், “ஐ டோன்ட் டேக்”.
இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறேன் என்றால், “ஐ ஆம் நாட் டேக்கிங்”.
இன்னும் போடல, இனிமேல்தான் என்றால், “ஐ ஹேவன்ட் டேக்கன்”.

அன்று ராத்திரி இந்த மூன்றையும் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினோம். அத்தைக்கு அடுத்த சந்தேகம்: “ஷி டஸன்ட் டேக்ஸ்னு ஏன் வராது?” எஸ் ஒன்றுதான் இருக்கிறது, அதை ‘டஸ்’ எடுத்துக்கொண்டுவிட்டது, வினைச்சொல்லுக்கு மிச்சமில்லை என்றேன். உடனே பிடித்துக்கொண்டார்.

இன்னொரு பொறியும் உண்டு. “யூ டோன்ட் டேக் சுகர்?” என்று கேட்டால் நாம் “ஆமா, போடறதில்ல” என்போம். ஆங்கிலத்தில் “நோ, ஐ டோன்ட்” என்றுதான் சொல்லணும். வெறும் ‘எஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், காபியில் சர்க்கரையோடு வரும். அதே ‘எஸ்’ டாக்டரிடம் போனால் சர்க்கரையோடு நிற்காது. உங்கள் வீட்டுப் பெரியவர்களோடு இந்த ஒன்றையாவது பேசிப் பழகிவிடுங்கள்.

இப்போது பாட்டிக்குப் பேத்திதான் டீச்சர். நேற்று சாப்பிடக் கூப்பிட்டதற்கு மகள், “நான் இல்ல வரேன் பாட்டி” என்றாள். அத்தை சிரிக்கவில்லை. “நான் வரலன்னு சொல்லணும் கண்ணு” என்று சொல்லி, இன்னொரு தாளை எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார்.